பழைய சவுண்ட் கார்டுக்கு உயிர் கொடுப்பது எப்படி: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்ப்பது என் தொழில். சில வருடங்களாக, பழைய கணினிகளின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகி ஒலி கேட்கப் பயன்படும் சவுண்ட் கார்டுகளும் என் மேசைக்கு வருகின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் நண்பர்கள் கேட்டவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். இதோ பதில்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: அண்ணா, பழைய இரும்புக் கடையில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16 கிடைத்தது. போர்டு முழுக்கச் செம்மண். வீட்டில் ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள பென்டியம் 3 இருக்கிறது. செருகிப் பார்த்துவிடலாமா?

இன்றைக்கு வேண்டாம் தம்பி. காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி எடுங்கள். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது.

அடுத்து மல்டிமீட்டர். கார்டைத் திருப்பி, ஈயம் தெரியும் பக்கத்தைப் பாருங்கள். இரும்புத் தகடு உள்ள முனையிலிருந்து பட்டைகளை எண்ணினால் முதலாவது கிரவுண்டு, மூன்றாவது பிளஸ் 5 வோல்ட், ஏழாவது மைனஸ் 12, ஒன்பதாவது பிளஸ் 12. சில கார்டுகளில் பயன்படாத இடத்தில் பட்டையே இருக்காது, அந்த இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். கிரவுண்டுக்கும் மற்ற மூன்றுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏறினால் பயமில்லை, கண்டன்சர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) சார்ஜ் ஆகிறது. பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால் ஷார்ட், அதாவது மின்சாரம் நேராகக் கிரவுண்டுக்குப் பாய்ந்துவிடும். அதைச் சரிசெய்யும்வரை கணினிக்குள் வைக்காதீர்கள்.

ஓசூரிலிருந்து: சார், பழைய சாமான் விற்பவரிடம் வாங்கினேன். கார்டைச் செருகினால் கணினி ஆன் ஆவதில்லை. மின்விசிறி ஒரு முறை அசைந்து நின்றுவிடுகிறது. கழற்றினால் நன்றாக ஓடுகிறது. கார்டு செத்துவிட்டதா?

இல்லை சார். பெரும்பாலும் இது ஒரே ஒரு சின்னப் பொருள் செய்கிற வேலை. கார்டில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சொட்டு வடிவத்தில் சில இருக்கும். அவை டான்டலம் கண்டன்சர்கள். அலுமினிய கண்டன்சர் பழையதானால் பொதுவாக உலர்ந்து திறன் குறையும். டான்டலம் போனால் நேராக ஷார்ட்டே ஆகிவிடும். 12 வோல்ட் வழியில் இருப்பது ஷார்ட் ஆனால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றுவிடும். நீங்கள் பார்த்த அசைவு அதுதான்.

எது போனது என்று கண்டுபிடிப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரே வழியில் நான்கைந்து இருக்கும், மீட்டர் எல்லாவற்றிலும் ஷார்ட் என்றே சொல்லும். ஒவ்வொன்றாக ஒரு காலை மட்டும் தூக்கி அளந்து பாருங்கள். எதைத் தூக்கியதும் பட்டையில் ஷார்ட் மறைகிறதோ, அதுதான் குற்றவாளி. புதியதை அதே மைக்ரோஃபாரட் அளவில், 25 வோல்ட் அல்லது 35 வோல்ட்டுக்கானதாகப் போடுங்கள். பழையதில் 16 என்று போட்டிருந்தாலும் 12 வோல்ட் வழிக்கு அந்த இடைவெளி போதாது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. அலுமினிய கண்டன்சரில் கோடு போட்ட கால் மைனஸ். டான்டலத்தில் கோடு போட்ட கால் பிளஸ். நேர் எதிர். இதை மறந்து ஒரு முறை திருப்பிப் போட்டேன். மின்சாரம் கொடுத்ததும் வெடித்துத் தீப்பொறி பறந்தது, போர்டில் கருப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பர்கூரிலிருந்து: பாட்டு வருகிறது, ஆனால் பின்னாலேயே உஸ்ஸென்று இரைச்சல். கண்டன்சர் மாற்ற வேண்டுமா அண்ணா?

உங்கள் கார்டில் டிஇஏ2025 என்று எழுதிய சிப் இருக்கிறதா பாருங்கள். அது ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயர். உஸ் சத்தத்தில் பெரும்பங்கு அதனுடையது. பல சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டுகளில் அதைத் தாண்டிச் செல்ல ஜம்பர்கள் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடிகள்) இருக்கும். லைன் அவுட் நிலைக்கு மாற்றி, தனி பவர் உள்ள ஸ்பீக்கரில் இணையுங்கள். சால்டரிங் அயர்னைத் தொடாமலே சத்தம் அடங்கும். இரைச்சலுக்குப் பதில் ‘ம்ம்ம்’ என்று கனத்த ரீங்காரம் வந்தால் கதை வேறு. வோல்ட் அளவை நிலையாக வைக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டரை அளந்து பாருங்கள். பெரிய 7805-இல், எழுத்து உங்களைப் பார்த்திருந்தால் இடது கால் இன்புட், வலது கால் அவுட்புட். சின்ன 78எல்05-இல் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கும்போது அப்படியே தலைகீழ், இடதுதான் அவுட்புட். மாற்றும்போது பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

அரூரிலிருந்து: ஒரு காதில் மட்டும்தான் கேட்கிறது.

ஹெட்ஃபோன் ஜாக்கின் கால்களில் ஈயம் வெடித்திருக்கும். செருகிச் செருகி இழுத்ததில் வருவது. பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பொருள்) தடவி, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து மறுபடி பற்றவையுங்கள். என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் இதோடு சரியானது.

தர்மபுரியிலிருந்து: ஐயா, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டில் இசை அருமையாக வருகிறது. பேச்சும் துப்பாக்கிச் சத்தமும் வருவதில்லை, சில நேரம் கணினியே உறைந்துவிடுகிறது. சிப் பழுதா?

கார்டு நல்ல நிலையில் இருக்கிறது, சந்தோஷப்படுங்கள். கார்டின் சிப்பே உருவாக்கும் எஃப்எம் இசைக்கு (வானொலி அல்ல) ஐஆர்க்யூவும் (கார்டு பிராசஸரை அழைக்கும் வழி) டிஎம்ஏவும் (நினைவகத்திலிருந்து தரவு நேராக வரும் வழி) தேவையில்லை. பதிவு செய்த ஒலிக்கு இரண்டும் வேண்டும். ஆகவே இசை வந்து குரல் வராவிட்டால் இந்த வழிகளின் எண்கள் பொருந்தவில்லை என்று பொருள். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, உயர் டிஎம்ஏ 5 என்று வையுங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஐஆர்க்யூ 5-ஐ ஐஎஸ்ஏவுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். ஜம்பர் இல்லாத பிளக் அண்ட் ப்ளே கார்டு என்றால், ஒவ்வொரு முறை கணினி ஆன் ஆகும்போதும் அதை எழுப்ப ஒரு சின்ன நிரல் ஓட வேண்டும். யூனிசவுண்ட் அதற்கு நன்றாக இருக்கிறது.

காவேரிப்பட்டினத்திலிருந்து: எதற்கும் எல்லாக் கண்டன்சரையும் மாற்றிவிடலாமா? பார்க்கும் காணொளிகளில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முப்பது வருடம் தாங்கிய போர்டு அது. நாற்பது கண்டன்சரைப் பிடுங்கினால் எண்பது ஓட்டைகளைச் சூடாக்குகிறீர்கள். அதில் இரண்டில் செம்புப் பட்டை பிய்ந்தால், இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கிய கணக்கு. என்னிடம் வரும் கார்டுகளில் சரிசெய்யக் கடினமானவை தானாகப் பழுதானவை அல்ல, யாரோ அவசரமாக ‘எல்லாவற்றையும் மாற்றியவை’. உப்பியது, கசிந்தது, அளந்து பார்த்ததில் திறன் இழந்தது, இவற்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: என் கார்டில் கண்டன்சர்கள் சின்ன வெள்ளித் தகர டப்பா போலப் போர்டின் மேலேயே ஒட்டியிருக்கின்றன. சூடு வைத்தால் மீன் நாற்றம் வருகிறது.

இதுதான் மேலே சொன்னதற்கு விதிவிலக்கு. 90-களின் தொடக்கத்தில் வந்த இந்த வகை கசிகிறது. அந்த நாற்றமே கசிவுக்கு அடையாளம். உள்ளே இருக்கும் திரவம் செம்பை அரித்துக்கொண்டே போகும், அதனால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். முறுக்கிப் பிடுங்காதீர்கள், பட்டையோடு வந்துவிடும். இரண்டு அயர்ன்களால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் சூடாக்கித் தூக்குங்கள். இடத்தை ஆல்கஹாலால் கழுவி, பச்சை படிந்த பாதைகள் அறுந்திருக்கின்றனவா என்று மீட்டரால் தொட்டுப் பாருங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து: அசல் யமஹா எஃப்எம் சிப் உள்ள கார்டுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒய்எம்எஃப்262 என்ற சிப்பைத் தேடுங்கள். அதுதான் ஒரே நேரத்தில் 18 குரல்கள் தரும் ஓபிஎல்3 என்ற யமஹா எஃப்எம் சிப். சவுண்ட் பிளாஸ்டரைத் தயாரித்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் சிடி1747 என்ற சிப் இருந்தாலும் அதற்குள் ஓபிஎல்3 உண்டு. பிந்தைய கார்டுகள் பலவற்றில் கிரியேட்டிவ் தன் சொந்த முறையை வைத்தது, அந்த ஒலி வேறு மாதிரி இருக்கும். வாங்கும் முன் போர்டின் இரண்டு பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: கண்டன்சர் எங்கே வாங்குவது சார்?

உங்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். சென்னை போனால் ரிச்சி தெரு. கால் நீளமாக, ஈயம் படாததாகப் பார்த்து எடுங்கள். கழற்றிய பழையதையும் கலந்து விற்கிறார்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: பாலிடெக்னிக் படிக்கிறேன் அண்ணா. அப்பா வைத்திருந்த கார்டு ஒன்று இருக்கிறது, சத்தம் வரவில்லை. சால்டரிங் இப்போதுதான் கற்கிறேன். அதிலேயே பழகலாமா?

அப்பாவின் கார்டில் பழக வேண்டாம் தம்பி. தூக்கிப்போட்ட டிவி போர்டு ஒன்று வாங்குங்கள். 60 வாட் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், 63/37 ஈயம், பிளக்ஸ் போதும். அந்த ஈயம் 183 டிகிரியில் உருகும், பழைய ஈயத்தோடு கொஞ்சம் கலந்தால் அதுவும் சீக்கிரம் இளகும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பத்துக் கண்டன்சரைப் பட்டை பிய்யாமல் எடுத்து, அதே ஓட்டையில் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் ஒரு நாள் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வாருங்கள், என் மேசையில் உட்கார்ந்து நீங்களே சரிசெய்யலாம்.