ஒரே மேசையில் அலுவலகமும் ஓவியமும்: ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, "மகள் வேலையை விட்டுவிடுவாளோ" என்ற பயம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் முறைதான், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. பகலில் மகள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் மேசையில்தான் மாலையில் ஓவியமும் வரைகிறாள்; அலுவலக மடிக்கணினியின் விசைகளில் நீல வண்ணத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை.

என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் முட்டி நிற்பவை வேலையும் கலையும் அல்ல. ஒரு மேசைக்கு இரண்டு பேர் உரிமை கோருகிறார்கள்; அந்த இரண்டு பேரும் உங்கள் மகளே.

அவளுடைய மாலைப் பொழுதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மணிக்கு வேலை முடிகிறது. கணினியையும் கோப்புகளையும் ஒதுக்கி, பழைய செய்தித்தாளை விரித்து, வண்ணங்களைப் பிதுக்கி, நேற்று எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள அரை மணி நேரம். ஒன்பது மணிக்குள் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவைக்க இன்னொரு அரை மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் தூரிகை கையில் இருப்பது ஒரு மணி நேரம்தான். வாரத்துக்கு ஐந்து மாலை என்றால், ஐந்து மணி நேரம் மேசை துடைப்பதில் போகிறது. "வேலை என் நேரத்தைத் தின்கிறது" என்று அவள் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் தின்பது வேலை மட்டுமல்ல.

ஓவியருக்குப் பெரிய அறை தேவை என்பது நாமாக நினைத்துக்கொண்டது. இத்தாலியின் ஜார்ஜோ மொராந்தி தூங்கிய அறையிலேயே வரைந்தவர். 1930 முதல் 1956 வரை பொலோனியா கலைக்கழகத்தில் செதுக்கோவியம் (உலோகத் தகட்டில் கோடு பதித்து அச்செடுக்கும் கலை) கற்பித்துச் சம்பளம் வாங்கியவர். அவர் வரைந்ததெல்லாம் பெரும்பாலும் சில புட்டிகளும் ஜாடிகளும்தான். ஒவ்வொரு புட்டியும் எங்கே நின்றது என்பதை, மேசைமேல் விரித்த தாளில் பென்சிலால் சுற்றி வரைந்து வைத்திருப்பார். மறுநாள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் மகளுக்குத் தேவை அந்தப் பென்சில் கோடு போன்ற ஓர் ஏற்பாடு: எடுத்துவைக்காமல் அப்படியே விட்டு எழுந்து போகக்கூடிய ஒரு மூலை. நான்கடிக்கு மூன்றடி போதும்.

பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித்தின் ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும். பிரசெல்ஸில் அவர் நெடுங்காலம் குடியிருந்த வாடகை வீட்டில், பிழைப்புக்கான விளம்பர வேலைகளுக்குத் தோட்டத்தில் தனிப் பட்டறை இருந்தது. ஓவியமோ சாப்பாட்டு அறையில் நடந்தது. நீங்களும் அப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். மடிக்கணினியை மடித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஈரமான கித்தானை முடியாது. ஆகவே நிலையான மேசை ஓவியத்துக்கு, இடம் மாறுவது அலுவலகம். ஈசல், அதாவது படத்தை நிறுத்திவைக்கும் சட்டம், ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மழைக்குப் பறக்கும் ஈசல் அல்ல என்பது புரிந்தது. மேசைமேல் வைக்கும் சிறிய தாங்கியே போதும்.

வாசனை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதில் நான் உங்கள் பக்கம். எண்ணெய் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் திரவம் படுக்கும் அறையில் வேண்டாம். அதைவிட முக்கியம், அந்த வண்ணங்களில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள். அவற்றைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடேறி, நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பற்றக்கூடும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே உலர்த்த வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். ஓராண்டுக்கு, நீரில் கரைத்துத் தீட்டும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். சீக்கிரம் காயும், நீரில் கழுவலாம். தூரிகையைக் கழுவ மறந்தால் கட்டையாகிவிடும் என்பது அதன் தண்டனை.

இரவில் வரைபவளுக்கு விளக்கு முக்கியம். மஞ்சள் விளக்கில் கலந்த நிறம் காலை வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான 5000 கெல்வின் அளவில், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறங்காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு வாங்கிக் கொடுங்கள். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் சமாதானத் தூதாகவும் ஆகும்.

அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. படங்களை விற்கத் தொடங்கும் முன், வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். பக்க வருமானம் பற்றியும், நிறுவனத்தின் கணினியில் உருவாக்கியவை யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் விதிகள் இருக்கலாம். சந்தேகம் என்றால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. அலுவலகக் கணினியில் படங்களைத் திருத்தும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

வெளியே தனி ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கலாம் என்கிறாளாம். இப்போது வேண்டாம் என்பேன். வாடகை, முன்பணம், போய்வரும் நேரம், போகாத நாட்களின் குற்ற உணர்ச்சி என எல்லாம் சேர்ந்து, வேலையை விட முடியாதபடி அவளைக் கட்டிப்போடும்.

வேலையை விடுவதைப் பற்றி ஓராண்டு கழித்துப் பேசுங்கள். அப்போது "எத்தனை படம் விற்றாய்" என்று முதலில் கேட்காதீர்கள். "எத்தனை முடித்தாய்" என்று கேளுங்கள். ஆங்கில ஓவியர் எல். எஸ். லோரி 1910 முதல் 1952 வரை வாடகை வசூலிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே இரவுகளில் வரைந்தவர். பொழுதுபோக்குக்கு வரையும் 'ஞாயிற்றுக்கிழமை ஓவியர்' என்று பெயர் வாங்கக் கூடாதென்று அந்த வேலையை வெளியே சொல்லாமல் மறைத்தும் வந்தார். உங்கள் மகளுக்கு அந்த வெட்கம் தேவையில்லை.

அந்த நீல ரேகைக்கு: கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். அழுத்தித் தேய்த்தால் விசையிலுள்ள எழுத்தும் சேர்ந்து போய்விடும்.