அமெரிக்காவின் ‘அட்மிரல் மாளிகை’ என்பது என்ன?

வாஷிங்டன் நகரில், கடற்படை வானாய்வகத்தின் வளாகத்துக்குள் இருக்கும் வெள்ளை வீடு இது. மூன்று மாடி, மூலையில் வட்டக் கோபுரம், சுற்றி வளைந்து போகும் அகலமான வராந்தா. வானாய்வகத் தலைவருக்காக 1893-இல் கட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஸ்டேஷன் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் கொடுப்பது போலத்தான்: வீடு ஆளுக்கு அல்ல, பதவிக்கு.

1923-இல் கதை மாறியது. கடற்படைத் தலைமைத் தளபதிக்கு வீடு மிகவும் பிடித்துப்போக, தன் இருப்பிடமாக ஆக்கிக்கொண்டார். அடுத்த அரை நூற்றாண்டு தளபதிகள் மாறினார்கள், வீடு மாறவில்லை. அந்த நீண்ட தொடர்ச்சிதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

அப்புறம் ஏன் கைமாறியது? அதுவரை துணை அதிபர்கள் சொந்த வீட்டில்தான் இருந்தார்கள். ஒவ்வொரு புது ஆளின் வீட்டுக்கும் பாதுகாப்பு அமைக்கச் செலவு ஏறிக்கொண்டே போனது. அதனால் 1974-இல் நாடாளுமன்றம் இதைத் துணை அதிபருக்கு ஒதுக்கியது. 1977-இல் முதலில் குடியேறியவர் வால்டர் மாண்டேல்.

துணை அதிபரும் வெள்ளை மாளிகையிலேயே வசிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள்; அங்கே இருப்பது அவருடைய அலுவலகம் மட்டும்தான், வீடு இதுதான்.