இருபத்தெட்டு சீட்டாட்டத்தில் முதல் நான்கு சீட்டை வைத்து 18 கேட்கலாமா?

இஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஏழு, அவற்றோடு ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸ் கைக்கு வந்ததும் 18 புள்ளி எடுப்பதாக ஏலம் கேட்டுத் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனமாக நீங்கள் வைத்த இஸ்பேடைப் பொறுத்தவரை உங்கள் கணிப்பில் குறையில்லை. ஏனெனில் அடுத்து வரும் நான்கு சீட்டுகளில் இன்னொரு இஸ்பேடாவது கிடைக்க ஏறத்தாழ 57 சதவீதம் வாய்ப்புண்டு.

சிக்கல் மற்ற மூன்று ஜாக்கிகளில்தான் இருக்கிறது. மொத்தம் 32 சீட்டில் நீங்கள் காணாத 28 சீட்டுகளில் 16 எதிராளிகளிடம் போய்ச் சேர்வதால், மூன்றில் ஒன்றாவது உங்கள் அணிக்கு வர 83 சதவீதம் வாய்ப்பிருந்தாலும், சராசரியாக 1.7 ஜாக்கி அவர்கள் கையில்தான் இருக்கும். ஆட்டத்தின் மொத்தப் புள்ளி 28 என்பதால் 18 கேட்டவர் எதிரணிக்கு 10 புள்ளிக்கு மேல் விட முடியாது; இரண்டு ஜாக்கிகள் (தலா 3 புள்ளி) தத்தம் ஒன்பதுகளையும் (தலா 2) சேர்த்து எடுத்தாலே அந்தப் பத்தும் போய்விடும், அதற்குமேல் உங்கள் ஆட்டின் ஏஸ் (1 புள்ளி) அதைவிடப் பெரிய சீட்டான ஆட்டின் ஜாக்கியிடம் சிக்கினால் ஆட்டமே போயிற்று. அந்த ஏஸைப் பலமாக எண்ணியதுதான், என் பார்வையில், உங்களை இரண்டு புள்ளி மேலே இழுத்திருக்கிறது.

கூட்டாளி முன்னதாகவே 15 கேட்டிருந்தால் நானும் துணிந்து 18 வரை போவேன். அவர் பாஸ் சொல்லியிருந்தால் 16-ஐத் தாண்ட மாட்டேன்.