வந்தவர்கள் எத்தனை பேர்? தங்கிய பணம் எவ்வளவு?

உலகச் சுற்றுலாவின் பொருளாதாரம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: சுற்றுலாவை ‘ஏற்றுமதி’ என்கிறார்கள். எந்தச் சரக்கும் நாட்டை விட்டுப் போகவில்லையே?

சரக்கு போகவில்லை, வாங்குபவரே வந்துவிடுகிறார். வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை ஒருவர் கொண்டுவந்து அறைக்கும் சாப்பாட்டுக்கும் டாக்ஸிக்கும் கொடுத்தால், அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைக்கிறது. தேயிலை ஏற்றி அனுப்பிப் பெறும் டாலருக்கும் இதற்கும் கணக்கில் வித்தியாசம் கிடையாது. வெளிநாட்டு வரவு செலவுக் கணக்கில் இது ‘பயணம்’ என்ற தலைப்பில் சேவை ஏற்றுமதியாகப் பதிவாகும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. விமானக் கட்டணம் அந்தத் தலைப்பில் வராது. ‘போக்குவரத்து’ என்று தனியாகப் போகும். பயணி தன் நாட்டு விமானத்திலேயே வந்து திரும்பினால், போன நாட்டுக்கு அந்தக் கட்டணத்தில் ஏற்றுமதி வருவாய் எதுவும் இல்லை. இன்னொன்று, வெளிநாட்டு மாணவர் கட்டும் கல்லூரிக் கட்டணமும், சிகிச்சைக்கு வந்தவரின் மருத்துவமனை பில்லும் இதே ‘பயண’க் கணக்கில்தான் சேரும். எனவே ‘பயண வருவாய்’ என்று படித்தவுடன் கடற்கரையும் குடையும் மட்டும் நினைவுக்கு வரக் கூடாது.

கேள்வி: அதிகம் பேர் போவது பிரான்சுக்கு. அதிகம் சம்பாதிப்பது அமெரிக்கா. இது எப்படி?

எண்ணுகிற முறையில்தான் பாதி விடை இருக்கிறது. ஐ.நா. சுற்றுலா அமைப்பின் வரையறைப்படி, ஓர் இரவாவது தங்கினால் அவர் சுற்றுலாப் பயணி. தங்காமல் அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடும் சொகுசுக் கப்பல் கூட்டம் இந்த இரண்டாம் வகை. ஒரே ஆள் வருடத்தில் 4 முறை வந்தால் 4 வருகை. அதாவது, எண்ணப்படுவது தலைகள் அல்ல, வருகைகள்.

ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளிலிருந்து காரில் ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் வழியில் பிரான்சில் ஓரிரவு படுத்து எழுந்து போவார்கள். அவர்களும் பிரான்சின் கணக்கில் உண்டு. அமெரிக்காவுக்கு அட்லாண்டிக்கையோ பசிபிக்கையோ தாண்டி வருபவர் ஒரே இரவில் திரும்ப மாட்டார்; வந்த செலவுக்கு இரண்டு வாரமாவது சுற்றிப் பார்ப்பார். மேலே சொன்ன மாணவர் கட்டணமும் அமெரிக்காவின் கணக்கைப் பெரிதாக்குகிறது.

2024-ல் பிரான்சுக்குச் சுமார் 10 கோடி வருகைகள், வருவாய் ஏறக்குறைய 7,700 கோடி டாலர். ஸ்பெயினுக்கு 9.4 கோடி, 10,600 கோடி டாலர். அமெரிக்காவுக்கு 7.2 கோடி, 21,500 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: ஒரு வருகைக்கு பிரான்சில் 770 டாலர், ஸ்பெயினில் 1,100-க்குச் சற்று மேல், அமெரிக்காவில் 3,000-ஐ ஒட்டி. ‘வருகையில் சாதனை’ என்று ஒரு சுற்றுலா அமைச்சர் அறிவித்தால், தங்கிய இரவுகள் எத்தனை, ஓர் இரவுக்குச் செலவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்த இரண்டும் பெரும்பாலும் அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கும்.

கேள்வி: உலகப் பொருளாதாரத்தில் சுற்றுலாவின் பங்கு 10 சதவீதம் என்று ஓரிடத்தில், 4 சதவீதம் என்று இன்னோரிடத்தில் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. ஐ.நா. அமைப்பு 2019-க்குச் சொன்ன சுமார் 4 சதவீதம் நேரடிப் பங்கு: ஹோட்டல், விமானம், உணவகம், வழிகாட்டி என்று பயணி நேரில் பணம் கொடுக்கும் இடங்களில் உருவாகும் மதிப்பு. தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான உலகப் பயண, சுற்றுலா கவுன்சில் சொல்லும் 10 சதவீதத்தில், ஹோட்டலுக்குப் படுக்கை விரிப்பு விற்றவரின் வருமானமும், அங்கே வேலை செய்பவர் தன் சம்பளத்தில் வாங்கும் வீட்டுச் சாமான்களும் சேரும். மானியமோ வரிச் சலுகையோ கேட்கும்போது பெரிய எண்தான் மேடையேறும்; அதில் ஆச்சரியமில்லை. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே வகை எண்ணை எடுங்கள்.

கேள்வி: சுற்றுலாப் பயணி கொடுக்கும் பணம் அந்த நாட்டில் தங்குவதே இல்லை என்கிறார்களே, உண்மையா?

‘தங்குவதே இல்லை’ என்பது மிகை. ஆனால் கசிவு உண்டு, சிறிய தீவுகளில் அது பெரிது. கசியும் இடங்களைக் காட்ட ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம் (எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை). ஒருவர் தன் ஊரிலேயே 1,000 டாலர் கட்டி ஒரு தீவு விடுதிக்கு பேக்கேஜ் எடுக்கிறார். விமானத்துக்கு 400, ஏற்பாடு செய்த நிறுவனத்துக்கு 100. இந்த 500 தீவை எட்டியே பார்க்கவில்லை. மீதி 500 விடுதிக்கு வருகிறது. அதில் இறக்குமதி இறைச்சி, பழம், மது, ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் சேர்த்து 150 வெளியே போகும். விடுதிக்குத் தன் பெயரை வாடகைக்குத் தந்த பன்னாட்டு ஹோட்டல் நிறுவனத்தின் கட்டணமும் வெளிநாட்டு முதலாளியின் லாபமும் 70. வெளிநாட்டு ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பும் சம்பளம் 60. தீவில் நிற்பது 220.

இந்த ஓட்டைகள் எல்லாம் பேராசையால் விழுந்தவை என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்த் தக்காளியை ஏன் வாங்குவதில்லை என்று சமையலறைப் பொறுப்பாளரைக் கேட்டால் மூன்று காரணம் சொல்வார்: தினமும் ஒரே அளவில் வராது, ரசீது இருக்காது, குளிர்பதன வண்டி கிடையாது. விவசாயியைக் கேட்டால் ஒரே காரணம்: விடுதி 60 நாள் கழித்துத்தான் பணம் தரும், அதுவரை அவரால் தாங்க முடியாது. ஆகவே ‘உள்ளூர்ப் பொருளை வாங்குங்கள்’ என்று பிரசாரம் செய்வதால் எதுவும் நகராது. விளைச்சலைச் சேகரித்துத் தரம் பிரிக்கும் கூட்டுறவு, ஒரு குளிர்பதனக் கிடங்கு, ஒரு வாரத்துக்குள் பணம் என்ற ஒப்பந்தம், இவை மூன்றும் சேர்ந்தால் நகரும். இரண்டு இருந்து ஒன்று விட்டுப்போனால், அடுத்த பருவத்திலேயே விடுதி பழைய இறக்குமதியாளரிடம் திரும்பிவிடும்.

விளைநிலம் மிகக் குறைவான நாடு என்ன செய்யும்? மாலத்தீவு வரியால் பிடிக்கிறது. தீவுக் குத்தகை வாடகை, சுற்றுலாவுக்கென்று தனி விற்பனை வரி, போதாததற்கு ஆள் ஒருவருக்கு நாள் கணக்கில் பசுமை வரி. ரிசார்ட்டுகளில் இது 6 டாலராக இருந்து 2025 ஜனவரியில் 12 டாலரானது. மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009-க்குப் பிறகு வழிவிட்டதும் கசிவைக் குறைத்த முடிவுதான். அறை வாடகை உள்ளூர்க் குடும்பத்தின் கைக்கே போகிறது.

கேள்வி: பூடான் போல நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் குறைந்த கூட்டத்தில் நிறைய வருவாய் கிடைக்காதா?

கிடைக்கும், கட்டணம் யார் கைக்குப் போகிறது என்பதைக் கவனித்தால். பெருந்தொற்றுக்கு முன் பூடானில் சீசனில் நாளுக்குக் குறைந்தது 250 டாலர். அதற்குள்ளேயே அறை, சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாம் அடங்கும்; அரசுக்குப் போனது 65 டாலர். 2022 செப்டம்பரில் கதவைத் திறந்தபோது அரசின் கட்டணம் மட்டும் 200 டாலர் ஆனது. மற்ற எல்லாம் தனி. பயணியின் மொத்தச் செலவு எகிறியது, உயர்வு முழுவதும் கருவூலத்துக்குப் போனது, ஹோட்டல்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் வேலை குறைந்தது. ஒரே வருடத்தில், 2023 செப்டம்பரில், கட்டணத்தை 100 டாலராக இறக்கினார்கள். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய்.

தத்துவத்தில் தவறில்லை என்பது எங்கள் கருத்து. உயர்த்திய வேகமும் பங்கீடும்தான் தவறு.

கேள்வி: வெனிஸில் நுழைவுக் கட்டணம் வைத்தார்களே, கூட்டம் குறைந்ததா?

குறிப்பிடும்படியாக இல்லை. 2024 ஏப்ரல் 25-ல் தொடங்கி, கூட்டம் மிகுந்த 29 நாட்களில், அன்றே திரும்புபவர்களிடம் மட்டும் 5 யூரோ வாங்கினார்கள். அங்கே இரவு தங்குபவர் அறை வாடகையோடு தனி வரி கட்டுவதால் அவருக்கு விலக்கு. 2025-ல் 54 நாட்கள்; கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. வெனிஸ் வரை ரயிலில் வந்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? இந்தக் கட்டணத்தால் குப்பை அள்ளும் செலவில் ஒரு பங்கு ஈடாகும், எந்த நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற விவரமும் முன்கூட்டியே கைக்கு வரும். அவ்வளவுதான்.

கேள்வி: சுற்றுலாவை மட்டும் நம்பும் நாட்டுக்கு என்ன ஆபத்து?

நெல் விற்கவில்லை என்றால் குதிரில் வைக்கலாம். நேற்று காலியாக இருந்த அறையை இன்று விற்க முடியாது.

இலங்கைக்கு 2018-ல் 23 லட்சம் பேர் வந்தார்கள். சுமார் 440 கோடி டாலர் வருவாய். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள். அந்த வருட வருகை 19 லட்சமாக இறங்கியது. 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது. வருடம் முழுவதற்கும் சுமார் 5 லட்சம். எரிபொருளும் மருந்தும் டாலரில் வாங்க வேண்டிய நாட்டுக்கு டாலர் வரும் வாசல்களில் ஒன்று அடைபட்டது. 2022-ல் கடனைக் கட்ட முடியாமல் போனதற்கு வரிக் குறைப்பு, பழைய கடன் சுமை என்று வேறு காரணங்களும் இருந்தன. இந்த வாசல் அடைபட்டது நிலைமையை மோசமாக்கியது.

பயணிகள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்பதும் முக்கியம். 2015 நவம்பரில் துருக்கி ஒரு ரஷ்யப் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதும், ரஷ்யா துருக்கிக்கு பேக்கேஜ் விற்பனையையும் சார்ட்டர் (சுற்றுலா நிறுவனங்கள் மொத்தமாக வாடகைக்கு எடுக்கும்) விமானங்களையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டு குண்டுவெடிப்புகளும் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியும் சேர்ந்துகொள்ள, வெளிநாட்டு வருகை 3.6 கோடியிலிருந்து 2.5 கோடியாகச் சரிந்தது. இதில் பாடம் கற்ற நாடுகள், பயணிகளை அனுப்பும் முதல் மூன்று நாடுகளின் பங்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் பார்த்து, மற்ற நாடுகளுக்கு நேரடி விமானம் விட முயல்கின்றன.

கேள்வி: சீசன் இரண்டு மாதம்தான் என்றால் அறை விலை ஏன் அப்படி ஏறுகிறது?

கடன் வட்டியும் காப்பீடும் 12 மாதத்துக்கும் உண்டு. அதை 60, 70 இரவுகளில் எடுத்தாக வேண்டும். குரோஷியாவில் வருடத்தின் தங்கல் இரவுகளில் பாதிக்கும் மேல் ஜூலை, ஆகஸ்ட்டில்தான். குடிநீர்க் குழாயும் கழிவுநீர் நிலையமும் அந்த இரண்டு மாதக் கூட்டத்துக்கு ஏற்பக் கட்டப்பட்டு, மீதி நாளில் பாதிக் கொள்ளளவுகூட இல்லாமல் ஓடும். அந்தச் செலவைக் கட்டுவது வருடம் முழுக்க அங்கே வாழ்பவர்.

கேள்வி: நாணய மதிப்பு குறைந்தால் சுற்றுலா வளரும் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை, ஓரளவு தாமதத்தோடு. 2024-ல் ஒரு டாலருக்கு 160 யென் வரை சரிந்தபோது, ஜப்பானுக்கு அந்த ஆண்டு சுமார் 3.69 கோடி பேர் வந்தார்கள்; அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஆனால் அறை விலை வெளிநாட்டவரின் பைக்கு ஏற்ப ஏறியது, யென்னில் சம்பளம் வாங்கும் ஜப்பானியருக்குத் தன் நாட்டிலேயே ஹோட்டல் எட்டாமல் போனது. ஐஸ்லாந்தில் கதை பிறகு தலைகீழானது. 2008 வங்கிச் சரிவில் அந்நாட்டு நாணயமான குரோனா வீழ்ந்தது, 2010-ல் சுமார் 5 லட்சமாக இருந்த வருகை 2018-ல் 23 லட்சமானது, மீன் ஏற்றுமதியைச் சுற்றுலா முந்தியது. வந்து குவிந்த அந்நியப் பணமே நாணயத்தை மீண்டும் வலுப்படுத்தியது. டாலருக்குக் கிடைக்கும் குரோனா குறைந்ததால், 2017 வாக்கில் மீன் ஏற்றுமதியாளர்கள் முனகத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: நான் செலவழிப்பது போகிற நாட்டிலேயே தங்க என்ன செய்யலாம்?

நான்கு நாட்டை எட்டு நாளில் பார்ப்பதை விட்டு ஓரிடத்தில் ஒரு வாரம் இருங்கள். விமானத்துக்குப் போகும் பங்கு குறையும். எல்லாச் சாப்பாடும் அடங்கிய பேக்கேஜை எடுத்தால் வெளியே உள்ள உணவகத்துக்கு ஒன்றும் போகாது. இணையத் தளங்கள் விடுதியிடம் 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் எடுப்பது சாதாரணம். தளத்தில் தேடிவிட்டு விடுதிக்கே எழுதி விலை கேளுங்கள். கார்டு தேய்க்கும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். மற்றதில் நாணய மாற்று விகிதம் மோசமாக இருக்கும், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு பணப்பரிமாற்ற நிறுவனத்துக்குப் போகும்.

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்தில் அதிகம் செலவழிப்பவர்கள் யார்?

சீனர்கள். 2019-ல் ஏறக்குறைய 25,000 கோடி டாலர்; பெருந்தொற்றுக்குப் பின் 2024-ல் மீண்டும் அதே அளவை எட்டிவிட்டார்கள். சரக்கு வர்த்தகத்தில் பெரும் உபரி காட்டும் சீனா, ‘பயணம்’ என்ற தலைப்பில் பெரும் பற்றாக்குறை காட்டுகிறது. ஜெர்மனியும் அப்படித்தான்.