பேப்பர் போடும் முன் நாள் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாரம் ஆறு நாள் வேலை. சேர்ந்து 4 வருடம் 8 மாதம் ஆகிறது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துவார், ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும். சென்னையில் வேறு வேலை கிடைத்துவிட்டது, 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். இங்கே நோட்டீஸ் 60 நாள். "பேப்பர் போட்டால் ரிலீவிங் லெட்டர் தர மாட்டேன்" என்று, வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் கடிதத்தை வைத்து மிரட்டுகிறார். என்ன செய்வது?

பதில்: ராஜினாமா பேப்பரை இன்றைக்கே போடுங்கள். ஆனால் 60 நாளையும் முழுசாக இருந்துவிட்டுப் போங்கள். மேனேஜருக்காகச் சொல்லவில்லை, உங்கள் கிராஜுவிட்டிக்காக, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடைக்காகச் சொல்கிறேன்.

ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான்கு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களாகவே ராஜினாமா செய்தாலும் இது பொருந்தும். 30 நாளில் கிளம்பினால் உங்களுக்கு 4 வருடம் 9 மாதம். அந்த ஒன்பது மாதத்தில் ஞாயிறுகளைக் கழித்தால் ஏறக்குறைய 235 நாள்தான் தேறும். சம்பளத்தோடு வரும் வார விடுமுறையையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடலாம்தான், ஆனால் இப்படிப்பட்ட மேனேஜரோடு எதற்கு வாதாட்டம்? 60 நாள் இருந்தால் ஞாயிறைக் கழித்தே 260ஐத் தொடும். இடையில் சம்பளமில்லா லீவு மட்டும் போடாதீர்கள்.

தொகை சின்னதில்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வருடத்துக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். இந்தக் கணக்கைச் சொல்லிச் சென்னைக்காரர்களிடம் ஒரு மாதம் கூடுதலாகக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கொஞ்சமும் இறங்கி வராவிட்டால், மிச்ச நோட்டீஸ் நாளுக்கான பணத்தைக் கட்டிவிட்டுப் போவதா என்று அப்புறம் யோசிக்கலாம். உங்களைக் கட்டாயப்படுத்தி வேலையில் வைத்திருக்க யாராலும் முடியாது. ஒப்பந்தப்படி பணம் கேட்கலாம், அவ்வளவுதான்.

கடிதம் மூன்று வரி போதும்: ராஜினாமா செய்கிறேன், நோட்டீஸ் இன்று தொடங்குகிறது, கடைசி வேலை நாள் இன்ன தேதி. காரணம் வேண்டாம், புகார் வேண்டவே வேண்டாம். அலுவலக மெயிலில் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து அனுப்புங்கள், உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும். அனுப்பியதும் அறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசுவார், சம்பளம் கூட்டுகிறேன் என்பார். கேட்டுக்கொள்ளுங்கள், வாபஸ் வாங்காதீர்கள்.

ரிலீவிங் லெட்டர் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். ராஜினாமாவை ஏற்ற மெயில், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் ஃபார்ம் 16 இருந்தால் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. புதிய இடத்தில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பி.எஃப்-இல் வெளியேறிய தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதியலாம். பி.எஃப் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி வரும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவரின் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம். தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

மேனேஜரைப் பற்றி எச்.ஆரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், பணம் முழுக்கக் கைக்கு வந்த பிறகு தேதியோடு, நடந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள்.