நிலக்காட்சிப் படத்தைக் கலரில் வைப்பதா, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதா?

வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்று ஆழியாறு அணையை நடுப்பகலில் எடுத்த படம் வெளிறிப்போய்விட்டது, கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அது தேறுமா, பொதுவாக இந்த முடிவை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் படத்துக்குக் கடைசியில் வருகிறேன். நான் இதைக் கற்றுக்கொண்டது காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் அப்புச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், கொரங்காட்டில் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கொரங்காடு என்பது மாடு மேய்வதற்கென்றே கிளுவை வேலி வளர்த்து விட்டிருக்கும் மானாவாரி மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரங்களும் நிற்கும். ஓர் ஐப்பசியில், இரண்டு மழை பெய்து ஓய்ந்த காலையில், நனைந்த செம்மண்ணில் புல் துளிர்த்திருந்ததைப் படம் எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் இருந்தால்தான் நிலக்காட்சிக்குக் கனம் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியே மாற்றிப் பெரிய அளவில் அச்சுப் போட்டு அப்புச்சியிடம் கொடுத்தேன். அவர் வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, இது மழைக்கு முந்தி எடுத்ததா, பொறவு எடுத்ததா?” என்று கேட்டார். “பொறவுதானுங்க அப்புச்சி” என்றேன். “இதுல அது தெரியிலையே” என்றார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த நிலத்தில் மழை இறங்கியிருக்கிறது என்பதுதான் அன்றைக்கு என்னை வண்டியை நிறுத்த வைத்தது. அந்தச் செய்தியைச் சுமந்திருந்தது செம்மண்ணின் சிவப்பும் புல்லின் பச்சையும் மட்டுமே. கணினித் திரைகளுக்கான பொதுவான கணக்கில் ஒரு புள்ளியின் வெளிச்சத்தில் பச்சைக்குச் சுமார் 72 விழுக்காடும் சிவப்புக்கு 21 விழுக்காடும் நீலத்துக்கு 7 விழுக்காடும் பங்கு உண்டு. நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இந்த வெளிச்ச அளவுதான் என்பதால், கண்ணுக்கு நேரெதிராகத் தெரிந்த இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடலாம். என் படத்தில் மண்ணும் புல்லும் அப்படித்தான் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. மென்பொருளில் சிவப்பை மட்டும் ஏற்றினால் மண் வெளுத்து, புல் அதைவிடக் கருப்பாக நின்று, இரண்டும் தனித்தனியாகத் தெரியும். நானும் செய்து பார்த்தேன். பிரிந்து வந்தது உண்மைதான், ஆனால் நனைந்து கருத்திருந்த மண் சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணைப் போல வெளிறி நின்றது. மழை பெய்த படத்தில் மழையையே பொய்யாக்கிவிட்டு என்ன சாதித்தோம் என்று தோன்றியது. அந்தப் படத்தைக் கலருக்கே திருப்பினேன், அப்புச்சி வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) இப்போது தொங்குவது அதுதான்.

ஆகவே, “எதைப் பார்த்து நின்றோம்?” என்பதுதான் என் முதல் கேள்வி. பதில் ஒரு நிறத்தின் பெயராக வந்தால் அதற்கு மேல் யோசிப்பதில்லை. ஈரோட்டுப் பக்கம் வேகவைத்த மஞ்சளைக் களம் முழுக்கக் காயப்போட்டிருக்கும் காட்சியில் மஞ்சள் நிறத்தை எடுத்துவிட்டால் நமக்கு அங்கே வேலையே இல்லை.

அதே கொரங்காட்டில், ஆடி மாதத்தில், பதில் வேறாக வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டு வரும். காங்கேயம், தாராபுரம் பக்கம் வந்து சேரும்போது மழை பெரிதாக இறங்காது, நிழல் மட்டும் நிலத்தின் மேல் ஓடும். கலரில் அந்தப் படம் பழுப்பும் சாம்பலுமாக மங்கிக் கிடந்தது. அதில் இருந்த ஒரே அழுத்தமான நிறம் கிளுவை வேலியில் சிக்கியிருந்த ஒரு நீலப் பிளாஸ்டிக் பை. எத்தனை முறை பார்த்தாலும் கண் நேராக அந்தப் பைக்கே போயிற்று. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் பை வேலிக்குள் அடங்கிவிட்டது. பனை ஓலைகள் அத்தனையும் கிழக்கே சாய்ந்திருந்ததும், மேகத்தின் அடிவயிற்றில் இருட்டு அடுக்கடுக்காக இருந்ததும், தூரத்துக் காட்டில் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்ததும் அப்போதுதான் முன்னுக்கு வந்தன. அதையும் அப்புச்சியிடம் காட்டினேன். “ஆடிக் காத்தாட்ட இருக்குதே சாமி” என்றார், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே.

நிற்கும் இடத்திலேயே இதைத் தீர்மானிக்கப் பழகுவது நல்லது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறமும் நுணுக்கமும் ஓரளவு மங்கி, வெளிச்சமும் இருட்டும் எங்கெங்கே நிற்கின்றன என்பது தெரியும். 1927-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது, நிலக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன ஆன்செல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டரைப் போட்டு எடுத்தார். தம் மனத்தில் பட்ட இருண்ட வானம் அதில் வராது என்று உணர்ந்து, படம் பதியும் கண்ணாடித் தட்டுகளில் மிச்சமிருந்த கடைசி ஒன்றை, நீல ஒளியைத் தடுத்து வானத்தை இருட்டாக்கும் அடர்சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். அவருக்குத் திரும்ப வந்து மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது: கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, கேமராத் திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துக்கொண்டால், பார்ப்பது சாம்பலிலும் சேமிப்பது முழு நிறத்திலுமாக இருக்கும். ஜேபெக் கோப்பாக மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நிறம் போனது போனதுதான். இன்னொன்று, வானத்தைக் கருப்பாக்க நீலத்தை அளவுக்கு மீறி இறக்காதீர்கள். வானம் புள்ளி புள்ளியாக உடைந்து, பனை ஓலையின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழும், அது அச்சில் இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

இனி உங்கள் ஆழியாறு படம். வெளிறிய படத்தைக் கறுப்பு வெள்ளை தானாகக் காப்பாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. வெளிச்சத்தில் வேறுபாடே இல்லாத படம் சாம்பலிலும் வெளிறித்தான் இருக்கும். ஆனால் தூரத்துப் புகைமூட்டம் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கிறது, சிவப்பை அவ்வளவு சிதறடிப்பதில்லை. எனவே மென்பொருளில் படத்தின் சிவப்பு சேனலை, அதாவது சிவப்பு ஒளி மட்டும் பதிந்த பகுதியை, தனியாகத் திறந்து பாருங்கள். நீர்ப்பரப்புக்கு அப்பால் உள்ள நிலமும் குன்றுகளும் அதில் தெளிந்து பிரிந்து நின்றால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள், படம் நிற்கும். அங்கும் எல்லாம் ஒரே பூச்சாக இருந்தால், அல்லது நீங்கள் அந்த வளைவில் நின்றதே கீழே தெரிந்த தண்ணீரின் நீலத்துக்காக என்றால், இந்தப் படத்தை விட்டுவிட்டு ஒரு நாள் விடியற்காலையில் மறுபடியும் அங்கே போய், கலரிலேயே எடுங்கள்.