பழைய அமெரிக்க நேஷனல் பேங்க் நோட்டு: கேள்வி பதில்

கேள்வி: சார், 1929 வருஷத்து 20 டாலர் நேஷனல் பேங்க் நோட்டு இருக்கு. என்ன விலை போகும்?

பதில்: எந்த ஊர், எந்த பேங்க்? அது தெரியாமல் விலை சொல்ல முடியாது. 1863 முதல் 1935 வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்துத் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன. அந்த வங்கியின் நோட்டு எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கும். நியூயார்க் பெரிய வங்கியின் 1902 நோட்டைவிட, குக்கிராம வங்கியின் 1929 நோட்டு பல மடங்குக்குப் போவதுண்டு.

கேள்வி: என்கிட்டயும் ஒரு 1929 நோட்டு இருக்கு. பழுப்பு முத்திரை, நேஷனல் கரன்சி என்ற எழுத்து. சார்ட்டர் எண்தான் (வங்கிக்கு அரசு கொடுத்த உரிம எண்) காணோம்.

பதில்: அது ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நோட்டு, அதாவது அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கி வெளியிட்டது. 1933 வங்கி நெருக்கடியில் அவசரமாக அச்சிட்டது. சார்ட்டர் எண் வரும் இடத்தில் அந்த வட்டார வங்கியைக் குறிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும், பாருங்கள்.

கேள்வி: அண்ணா, 1902 நோட்டில் மடிப்பு விழுந்திருக்கு. துணி போட்டு இஸ்திரி பண்ணலாமா?

பதில்: கூடவே கூடாது. கழுவவும் கூடாது.

கேள்வி: வியாபாரிகளே செய்றாங்களே! பார்க்கப் புதுசா இருந்தா விலை கூடத்தானே செய்யும்?

பதில்: தெரியாதவரிடம் கூடும். தெரிந்தவர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். இந்த நோட்டுகள் செதுக்கிய தகட்டில் அச்சானவை, அதனால் மை மேடாக நிற்க வேண்டும். அழுத்திய நோட்டில் அது தட்டையாகி, தாள் உயிரற்றுப் பளபளக்கும். இன்னொன்று, பெரிய அளவு நோட்டுகளில் (1929-க்கு முந்தைய வரிசைகள்) பலவற்றில் கேஷியரும் பிரசிடென்டும் பேனாவால் கையெழுத்திட்டிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அது வெளிறிவிடும். சிலர் மேலே புது மையால் இழுத்துவிடுகிறார்கள். அதோடு நோட்டு கெட்டது. நோட்டின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் கிரேடிங் நிறுவனம் அதைச் சான்றிலேயே குறித்துவிடும். மடிப்பு அந்த நோட்டு புழங்கியதற்குச் சாட்சி, விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1929 நேஷனல் பேங்க் நோட்டில் டைப் 1, டைப் 2 என்ற இரண்டு வகையை எப்படிப் பிரிப்பது?

பதில்: கறுப்புச் சார்ட்டர் எண் இரண்டிலும் உண்டு. வரிசை எண் பக்கத்தில் பழுப்பிலும் அதே எண் இருந்தால் டைப் 2.

கேள்வி: 1929, 5 டாலர். விலை சொல்லுங்க சார்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஊர், பேங்க், சார்ட்டர் எண்.

கேள்வி: பிரிட்டிஷ் இந்தியா நோட்டு பார்ப்பீங்களா?

பதில்: என் துறை இல்லை. இந்திய நோட்டு சேகரிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: லேசா சோப்புத் தண்ணியில் நனைச்சா?

பதில்: வேண்டாம். பிவிசி உறையிலும் போடாதீர்கள், மைலார் (பாலியஸ்டர்) உறை வாங்குங்கள்.